வழக்கறிஞர் வேலையை விட்டுச் சட்டம் சொல்லிக்கொடுக்கப் போகலாமா?

கேள்வி:

மேடம், எனக்கு 29 வயது. செந்தூலில் பிறந்து வளர்ந்தவள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, சேம்பரிங் என்ற வழக்கறிஞர் பயிற்சியும் முடித்து, ஐந்து வருடமாகக் கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தில் டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) வேலை பார்க்கிறேன். பகுதிநேரமாக எல்எல்எம் என்ற சட்ட மேற்படிப்பும் முடித்துவிட்டேன். போன வருடம் முதல் வாரத்தில் இரண்டு மாலை ஒரு தனியார் கல்லூரியில் அறிவுசார் சொத்துரிமைப் பாடம் நடத்துகிறேன், அந்த நான்கு மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்க ஓடுகிறேனோ என்று தோன்றுகிறது. இப்போது முழுநேர வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறையும், பிடிபிடிஎன் கல்விக் கடன் இன்னும் பாக்கி. ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற அப்பா, "வக்கீலுக்குப் படிக்க வைத்தது வாத்தியாராவதற்கா" என்று வருத்தப்படுகிறார். ஒப்பந்தத்தில், நான் தயாரிக்கும் குறிப்புகள், ஸ்லைடுகள், பதிவு செய்யும் வகுப்புகள் எல்லாம் கல்லூரிக்குச் சொந்தம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? இன்னொன்று, "இது பெரிய கம்பெனிகளுக்கான பாடம்தானே, நம் மக்களுக்கு இதனால் என்ன" என்று என் தோழி கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, தோழியின் கேள்வி, அதைத்தான் முதலில் எடுக்கிறேன். அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் சம்பளத்தைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் முடிவெடுப்பது சுலபம். இல்லாவிட்டால் எவ்வளவு கொடுத்தாலும் மூன்றாவது வருடம் அலுத்துப்போகும். நான் இந்த ஊரில் 22 வருடமாக இதே பாடத்தை நடத்துகிறேன், அதற்கு முன் ஆறு வருடம் வழக்கறிஞர். அலுத்துப்போய் வெளியேறியவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களில் யாரும் சம்பளத்தைக் காரணமாகச் சொன்னதில்லை.

உங்கள் வட்டாரத்தில் இருக்கும் ஜாலான் ஈப்போவையே எடுத்துக்கொள்வோம். அங்கே 1999இல் மெக்கரி என்று ஓர் உணவகம் திறந்தார்கள். நம்மவர்கள் நடத்தியது, நம் சாப்பாடு. 'மெக்' என்று பார்த்ததும் மக்கள் எங்கள் கடை என்று நினைத்துக்கொள்வார்கள் என்று 2001இல் மெக்டொனால்ட்ஸ் வழக்குப் போட்டது. 2006இல் உயர் நீதிமன்றம் மெக்டொனால்ட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது: பெயர்ப்பலகையின் அமைப்பு வேறு, விற்கும் சாப்பாடு வேறு, 'மெக்' என்ற ஓசையை ஒரு கம்பெனி மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. அதே வருடம் செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையீடு செய்ய அனுமதி மறுத்துவிட்டது. ஒரு கறிக்கடை எட்டு வருடம் நின்று போராடியிருக்கிறது.

இந்த வழக்கை நான் வருடந்தோறும் நடத்துகிறேன். பிள்ளைகள் எல்லோரும் கறிக்கடை பக்கம்தான் நிற்பார்கள். அப்போது அதில் பாதிப் பேரை எழுப்பி மெக்டொனால்ட்ஸுக்காக வாதாடச் சொல்வேன். முகம் சுளிப்பார்கள். ஆனால் அடுத்தவன் நல்ல பெயரை எடுத்து வியாபாரம் செய்யாதே என்கிற அதே விதிதான் நாளைக்கு அவர்கள் சித்தியின் கடையையும் காப்பாற்றப் போகிறது, அதை உடைத்தால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் உடையும்.

சித்தி என்று சும்மா சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸில் தோசை மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கும் ஒரு அக்கா, பத்து வருடத்துக்கு மேல் ஒரே பெயரில் விற்றவர், ஒரு நாள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவரிடம் மாவு வாங்கிக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் அந்தப் பெயரைத் தன் பெயரில் பதியக் கொடுத்துவிட்டு, இனி நீங்கள் இதைப் பயன்படுத்தக்கூடாது என்று வக்கீல் மூலம் எழுதியிருந்தார். அக்காவுக்கு ஆங்கிலம் வராது. "பதிஞ்சிட்டானாமே, அப்போ என் பேரு போச்சா?" என்று கேட்டார். போகவில்லை. நம் நாட்டில் ஒரு பெயரை முதலில் உண்மையாகப் பயன்படுத்தி, அதற்கு மதிப்பு சேர்த்தவருக்கு உரிமை உண்டு. விண்ணப்பம் அறிவிப்பாக வெளிவந்த பிறகு இரண்டு மாதத்துக்குள் எதிர்ப்புக் கொடுக்கலாம், பதிவாகிவிட்டாலும் நீதிமன்றத்துக்குப் போகலாம். பழைய பில்களைத் தேடுங்கள், பாக்கெட் அச்சடித்த கடையில் ரசீது நகல் கேளுங்கள் என்றேன். ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கொண்டுவந்தார். அரைமணி நேரம் தமிழில் பேசியதற்குக் கிடைத்த பலன் அது. அதே அரைமணி நேரத்தை அவருக்குக் கொடுக்க இந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள், உங்கள் தோழிக்கு அதுவே பதில்.

தமிழில் பேசினேன் என்று சொன்னேன், அதுவும் சும்மா வந்துவிடாது. நம் பத்திரிகைகளில் பேட்டண்டும் காப்புரிமை, காப்பிரைட்டும் காப்புரிமை, சில நாள் டிரேட்மார்க்கும் காப்புரிமைதான். ஒருவர் எழுதிய பாட்டுக்கு எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை, எழுதி முடித்ததும் உரிமை பிறந்துவிடும், எழுதியவர் காலம் முழுக்கவும் அவர் இறந்த பிறகு 50 வருடமும் நிற்கும். புதுக் கண்டுபிடிப்புக்கான பேட்டண்ட், விண்ணப்பம் போட்டு வாங்க வேண்டியது, 20 வருடத்தோடு முடிந்துவிடும். டிரேட்மார்க்கைப் பத்துப் பத்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். மூன்றையும் ஒரே சொல்லால் சொன்னால், பாட்டெழுதும் பையன் பதிவுக்கட்டணம் எவ்வளவு என்று கேட்டு அலைகிறான், புதிதாக ஒரு இயந்திரம் செய்தவர் "எனக்குத் தானாகவே உரிமை இருக்கு" என்று பேசாமல் இருந்துவிடுகிறார். நான் பதிப்புரிமை, பேட்டண்ட், வணிகச் சின்னம் என்று பிரித்துச் சொல்கிறேன். வணிகச் சின்னத்தை வயதானவர்களிடம் 'சாப்பு' என்றால் போதும், உடனே புரிந்துவிடும். இதையெல்லாம் செய்ய ஒரு ஆசிரியர் வேண்டும்.

அப்புறம் மஞ்சள். காயத்துக்கு மஞ்சள் வைப்பதை ஒரு கண்டுபிடிப்பாக ஏற்று 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குப் பேட்டண்ட் கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட ஆதாரங்களைக் காட்டி அதை 1997இல் ரத்து செய்ய வைத்தது. நம் பாட்டிக்குத் தெரிந்திருந்தது மட்டும் போதவில்லை, அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருவர் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

நம் நாட்டுக் கதை இன்னும் பெரியது. ஹெப்பாடைட்டிஸ் சி நோய்க்கு சோஃபோஸ்புவிர் என்று ஒரு மருந்து, நல்ல மருந்து, ஆனால் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2017இல் மலேசிய அரசாங்கம் பேட்டண்ட் சட்டத்தின் 84ஆம் பிரிவைப் பயன்படுத்தி, பேட்டண்ட் வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே விலை குறைந்த மருந்தை அரசாங்க மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்தது. அந்த மருந்துக்கு உலகத்திலேயே முதலில் அப்படிச் செய்த நாடு நாம்தான். சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பதும், அதைத் தைரியமாக எடுத்துப் பயன்படுத்த ஆள் இருப்பதும் வேறு வேறு. அந்தப் பிரிவு எதற்காக எழுதப்பட்டது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர்கள் இருந்தால்தான் அந்த ஆட்கள் வருவார்கள்.

சரி, இப்போது நீங்கள் எந்த வேலையை விட்டு எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்று பார்ப்போம். வழக்கறிஞராக இருக்கும்வரை உங்களுக்கு ஒரு கட்சிக்காரர் இருக்கிறார். அவருக்கு நல்லது எதுவோ அதைச் சொல்வதுதான் தர்மம், அதில் தவறே இல்லை. ஆனால் ஆறு வருடம் அப்படியே பேசிய பிறகு, ஒரு நாள் ஒரு புதுச் சட்ட மசோதாவைப் படிக்கும்போது இது என் கட்சிக்காரருக்கு நல்லதா என்றுதான் முதலில் யோசிக்கிறேன் என்பதை நானே கவனித்தேன். சட்டம் சரியா தவறா என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வந்தது. ஆசிரியருக்குக் கட்சிக்காரர் கிடையாது. பாட்டெழுதியவனுக்கும் அந்தப் பாட்டைத் திருவிழாவில் பாட நினைப்பவனுக்கும், மருந்து கண்டுபிடித்தவருக்கும் அந்த மருந்தை வாங்க முடியாதவருக்கும் நடுவில் நின்று, இந்தக் கோடு இங்கே ஏன் போடப்பட்டது, இங்கே இருக்கலாமா என்று கேட்கிற உரிமை இந்த வேலையில்தான் இருக்கிறது. சம்பளத்தில் குறையும் மூன்றில் ஒரு பங்கு எதற்கு என்று கேட்டால், இதற்குத்தான்.

அந்த உரிமையை மற்ற ஊர்களில் எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2011இல் அமெரிக்காவில் இணையத் திருட்டைத் தடுக்க என்று மசோதாக்கள் வந்தன. ஒரு தளத்தின் மேல் குற்றச்சாட்டு வந்தால், எதிர்த்தரப்பை முழுமையாக விசாரிக்கும் முன்பே அதன் பெயரை இணையத்திலிருந்து மறைக்கச் சொல்லலாம் என்பது அதில் ஒரு அம்சம். மார்க் லெம்லி, டேவிட் லெவின், டேவிட் போஸ்ட் என்ற மூன்று சட்டப் பேராசிரியர்கள் அதை எதிர்த்துக் கடிதம் எழுத, இந்தப் பாடத்தையும் இதை ஒட்டிய பாடங்களையும் நடத்தும் ஏறக்குறைய நூறு பேராசிரியர்கள் கூடவே கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் பலர் பதிப்புரிமை வேண்டும் என்று வருடக்கணக்கில் எழுதியவர்கள்தான். திருட்டை ஆதரிக்கிறார்கள் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது, எந்தக் கம்பெனிக்காகவும் எழுதவில்லை என்பதால் அந்தக் கடிதத்துக்கு எடை இருந்தது. 2012 ஜனவரி 18ஆம் தேதி ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுக்க இருட்டாகி எதிர்ப்புக் காட்டியது, இரண்டு நாளில் மசோதாக்கள் தள்ளிப்போடப்பட்டன. கடிதம் மட்டும் அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்த்துப் பேசியவர்கள் கையில் ஒரு நல்ல வாதம் இருந்தது என்றால் அதைத் தயாரித்ததில் அந்தக் கடிதத்துக்குப் பங்கு உண்டு.

எப்போதும் ஜெயிப்பார்கள் என்றும் இல்லை. பதிப்புரிமைக் காலத்தை அமெரிக்கா இன்னும் 20 வருடம் நீட்டியதை எதிர்த்து, அப்போது ஸ்டான்ஃபோர்டில் கற்பித்துக்கொண்டிருந்த லாரன்ஸ் லெசிக் உச்ச நீதிமன்றம் வரை போய் 2003இல் தோற்றார், ஏழுக்கு இரண்டு. இன்று நம் பிள்ளைகள் பள்ளிப் புராஜெக்டுக்குத் தேடி எடுக்கும் படங்களில் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்று ஒரு குறி இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் இந்த நிபந்தனையோடு எடுத்துக்கொள்ளுங்கள் என்று, அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

நம் ஊரிலும் முன்னோடிகள் இருக்கிறார்கள். 1972இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறைதான் நாட்டின் முதல் சட்டத்துறை. அங்கே கற்பித்த பேராசிரியர் காவ் லேக் தீ மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பாடநூல் எழுதியவர், பிறகு மனித உரிமை ஆணையமான சுஹாகாமின் துணைத்தலைவராகவும் இருந்தார். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லலாம். வாத்தியார் என்றால் அங்கேயே நின்றுவிடுவது என்று அவர் பயப்படுகிறார் போலிருக்கிறது.

அப்பாவின் வருத்தத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். ரயில்வேக்காரர் வீட்டுப் பெண் கறுப்பு கவுன் போட்டு நீதிமன்றம் போவதை அவர் எத்தனை பேரிடம் சொல்லி மகிழ்ந்திருப்பார். வாதம் செய்யாதீர்கள். ஒரு மாலை அவரை வகுப்புக்குக் கூட்டிப்போய்ப் பின்வரிசையில் உட்கார வையுங்கள், மெக்கரி வழக்கு நடத்தும் நாளாகப் பார்த்து. பிறகு இதையும் சொல்லுங்கள்: முழுநேர ஆசிரியரானால் வழக்கறிஞர் தொழில் சான்றிதழை வருடந்தோறும் எடுப்பது நின்றுபோகும், வேறு வேலையில் சம்பளம் வாங்குபவருக்கு 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடை போடுகிறது. ஆனால் வழக்கறிஞர் பட்டியலில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். திரும்ப வேண்டுமென்றால் திரும்பலாம்.

பணக் கணக்கில் நான் சொல்வது கொஞ்சம்தான். ஒரு வருடக் கடன் தவணையைக் கையில் சேர்த்த பிறகு மாறுங்கள். ஆறு மாதம் தள்ளி வருகிறேன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், புது செமஸ்டரோடு தொடங்குவது அவர்களுக்கும் வசதி.

வேலையில் சேரும் முன் எந்தெந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் வாங்குங்கள். அறிவுசார் சொத்துரிமைக்கு என்று கூப்பிட்டுவிட்டு ஒப்பந்தச் சட்டம், கம்பெனிச் சட்டம் என்று இரண்டு பெரிய பாடங்களைத் தலையில் வைப்பது வழக்கம். கூடவே சைபர் சட்டம், தனிநபர் தரவுப் பாதுகாப்பு, போட்டிச் சட்டம் என்று ஒட்டிய பாடங்கள் வந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், அவையெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை, நம் போட்டிச் சட்டமே 2012இல்தான் நடைமுறைக்கு வந்தது, இன்னும் எழுத நிறைய இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு நேரம் தருவார்களா என்பதையும் இப்போதே கேளுங்கள், பல்கலைக்கழகத்துக்குப் போக நினைத்தால் அது இல்லாமல் நடக்காது. தலைப்பை வெளியூரிலிருந்து இரவல் வாங்காதீர்கள். திருவிழாவில் உறுமி மேளக் குழு வாசித்ததை ஒருவர் போனில் பிடித்து யூடியூப்பில் போட்டுப் பணம் பார்க்கிறார், அந்தக் குழுவுக்கு என்ன உரிமை? இந்த ஒரு கேள்விக்குள் இசையமைப்பு, கலைஞர் உரிமை, ஒலிப்பதிவு, மரபுக் கலை எல்லாம் இருக்கிறது, அந்தக் குழுவோடு உட்கார்ந்து தமிழில் பேசக்கூடிய ஆய்வாளர் நீங்கள். உலக அறிவுசார் சொத்து அமைப்பும் உலக வர்த்தக அமைப்பும் சேர்ந்து ஜெனீவாவில் இந்தப் பாட ஆசிரியர்களுக்காகவே ஒரு பயிலரங்கம் நடத்துகின்றன, வளரும் நாட்டு ஆசிரியர்கள்தான் அதற்கு முக்கியமாகப் போகிறார்கள். ஓரிரு வருடம் கற்பித்த பிறகு விண்ணப்பம் போடுங்கள்.

இப்போது ஒப்பந்தம். இதில் கொஞ்சம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் டிரேட்மார்க் வேலையில் இருப்பவர்களுக்கு இது கைப்பழக்கத்தில் இருக்காது.

அந்தப் பிரிவை அடித்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தால், போதாது. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவைத் திரும்பப் படியுங்கள். வேலையின் பகுதியாக ஊழியர் செய்த படைப்பின் உரிமை முதலாளிக்கு மாறிவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒருவர் சொல்லிச் செய்வித்த படைப்பின் உரிமையும் செய்யச் சொன்னவருக்குப் போகும். கல்யாணப் படத்தின் உரிமை படம் எடுத்தவருக்குத்தான் என்று நம் போட்டோகிராபர்கள் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் அது எடுக்கச் சொன்ன கல்யாண வீட்டுக்காரருக்குத்தான். ஆக, உங்கள் ஒப்பந்தம் மௌனமாக இருந்தாலும் குறிப்புகள் கல்லூரியின் பக்கம்தான் சாயும். அதே உட்பிரிவின் கடைசி வரிதான் உங்களுக்கு வழி: இரண்டு தரப்பும் அந்த மாற்றத்தை விலக்கியோ குறைத்தோ ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். எனவே பேசாமல் இருந்தால் நஷ்டம் உங்களுக்கு, உரிமை எனக்கே என்று எழுத்தில் இருந்தாக வேண்டும்.

இதுவரை வீட்டில் உட்கார்ந்து எழுதியவை வேறு. அவற்றைத் தேதியோடு பட்டியல் போட்டு ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகச் சேருங்கள். முக்கியமானதை நம் நாட்டு அறிவுசார் சொத்துரிமை அலுவலகமான மைஐபிஓவில் சத்தியப்பிரமாணத்தோடு அறிவித்து வையுங்கள், 2012 முதல் அந்த வசதி இருக்கிறது. அதனால் புதிதாக உரிமை எதுவும் பிறக்காது, தகராறு வந்தால் ஆதாரமாக நிற்கும். வகுப்பில் வாயால் பேசியதும் சட்டத்தில் படைப்புதான், விரிவுரை என்று பெயர் சொல்லியே அதில் இருக்கிறது, ஆனால் எழுத்திலோ ஒலி, ஒளிப்பதிவிலோ வந்தால்தான் பாதுகாப்பு தொடங்கும். பதிவு செய்தவுடன் அந்தப் பதிவுக்குத் தனியாக ஓர் உரிமையும் பிறந்துவிடுவதால் பதிவுகளைத் தனிப் பத்தியில் பேசுங்கள்.

25ஆம் பிரிவை மறந்துவிடாதீர்கள். உரிமை யாரிடம் போனாலும் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், வேறொருவர் பெயரில் வெளியிடக்கூடாது என்பது அது. இதை நான் எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. ஆரம்பக் காலத்தில் நான் பகுதிநேரமாகப் போன ஒரு கல்லூரியில் 140 பக்கக் குறிப்பு ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தேன். மறு வருடம் என் மாணவி ஒருத்தியின் தம்பி கையில் அதைப் பார்த்தேன், எழுத்துப்பிழை உட்பட என்னுடையதே, அட்டையில் வேறொருவர் பெயர். பதிப்புரிமை பாடம் நடத்துகிற நான் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த செமஸ்டருக்குக் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம். அந்த மௌனம் இன்றும் உறுத்துகிறது, அதனால்தான் உங்களை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

குறிப்புகளில் என்ன பெரிய காசு வந்துவிடப் போகிறது என்று அவர்கள் கேட்பார்கள். காசுக்காகக் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். உங்கள் கல்லூரிக்குப் பக்கத்திலும் ஒரு போட்டோஸ்டேட் கடை இருக்கும், அங்கே பாடநூல்கள் முழுசாகச் சுருள் கம்பி போட்டுத் தொங்கும். பதிப்புரிமை வகுப்புக்கே அந்தப் புத்தகத்தோடு வந்து உட்காரும் பிள்ளை உண்டு. சொந்தப் படிப்புக்கு நியாயமான அளவு எடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது, என்ன நோக்கம், எவ்வளவு எடுத்தார்கள், விற்பனைக்கு என்ன பாதிப்பு என்றெல்லாம் பார்க்கும், புத்தகத்தையே முழுக்க நகலெடுப்பது அதில் அடங்காது. அந்தப் பிள்ளையிடம் இது தவறு என்று சொல்லாமல் இருக்க எனக்கு முடியாது, அவன் அம்மா வாங்கும் சம்பளம் தெரிந்தும் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கு என்று சொல்லிவிட்டு நகரவும் முடியாது. நான் கண்டுபிடித்த ஒரே வழி, குறிப்பை நானே எழுதி, கேட்பவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்பது, பினாங்கிலிருந்து கேட்டாலும் கொடுப்பது. உரிமை கல்லூரியிடம் இருந்தால் அதைச் செய்ய முடியாது. கட்சிக்காரர் இல்லாத வேலை என்றேனே, சொந்தக் குறிப்பைக் கொடுக்கவே அனுமதி கேட்க வேண்டிய நிலை வந்தால் கல்லூரியே கட்சிக்காரராகிவிடும்.

ஆகவே போங்கள். ஆனால் அந்தப் பிரிவுக்குப் பதிலாக இப்படி எழுதிக் கொடுங்கள், ஆங்கிலத்தில் நீங்களே அழகாக எழுதிவிடுவீர்கள்: பாடக் குறிப்புகள், ஸ்லைடுகள், கட்டுரைகள், புத்தகங்கள் ஆகியவற்றின் பதிப்புரிமை 26ஆம் பிரிவு எப்படிச் சொன்னாலும் ஆசிரியரிடமே இருக்கும். கல்லூரி தன் மாணவர்களுக்காக அவற்றைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், ஆசிரியர் விலகினால் நடந்துகொண்டிருக்கும் செமஸ்டர் முடியும்வரை. வகுப்புப் பதிவு அந்த வகுப்பு மாணவர்களுக்கு மட்டும், அதற்குப் பிறகு எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். பதிவில் இருக்கும் குரலையும் முகத்தையும் வைத்துச் செயற்கை நுண்ணறிவால் புதுப் பாடம் தயாரிக்கக்கூடாது. எங்கே பயன்படுத்தினாலும் பெயர் இருக்கும். தேர்வுத்தாள்கள் கல்லூரிக்கே சொந்தமாக இருக்கட்டும், அதை விட்டுக்கொடுங்கள், அவர்களுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் எங்காவது "கல்லூரியின் கொள்கைகளுக்கு உட்பட்டு" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்தக் கொள்கையின் நகலைக் கேளுங்கள், அதைப் பிறகு மாற்றினாலும் உங்கள் பிரிவைத் தொடாது என்று ஒரு வரி சேருங்கள். அவர்கள் பதில் அனுப்பியதும், என்னென்ன சொல்லை மாற்றியிருக்கிறார்களோ அதை அப்படியே எனக்கு எழுதுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.